கிளாஸைச் சாய்த்துப் பார்க்கிறவர்

அந்த ஒயின் ஆலைக்குப் புதிதாக வேலைக்கு வருகிற யாரும் அவரிடம் முதலில் பார்ப்பது முதுகைத்தான். இதை எழுதுகிறவனும் அப்படித்தான் பார்த்தான். ருசி பார்க்கும் அறையின் கதவைத் திறந்தால் நடுவில் வெள்ளை மேஜை. அதைச் சுற்றி மூன்று நாற்காலி, அதில் ஒன்று காலி. காலி நாற்காலிக்கு உரியவர் வடக்கு ஜன்னலோரம், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் கிளாஸோடு நின்றிருப்பார். வணக்கம் சொன்னால் திரும்பமாட்டார். "இருங்க" என்பார். கிளாஸிடம் சொன்னாரா நம்மிடம் சொன்னாரா என்று தெரியாமல் வந்தவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

ஆலையில் அவருக்கு ஜன்னல்காரர் என்று பெயர். முகத்துக்கு நேரே அண்ணே.

வடக்கு ஜன்னல் பக்கம் வெயில் நேராக விழாது. காலையானாலும் மாலையானாலும் பால் கலந்தாற்போல ஒரே வெளிச்சம். ஜன்னல் கட்டையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து வைத்திருப்பார். கிளாஸின் தண்டைப் பிடித்து, இதோ சிந்திவிடும் என்று நாம் பதறுகிற அளவுக்குச் சாய்த்து, தாளுக்கு மேலே பிடித்துக் குனிந்து பார்ப்பார். நடுவில் நிறம் எவ்வளவு அடர்த்தி, ஓரத்துக்கு வரவர எப்படி வெளுக்கிறது, கலங்கல் இருக்கிறதா, அடியில் எதுவும் உட்கார்ந்திருக்கிறதா. சிவப்பு ஒயின் இளசாக இருக்கும்போது ஓரத்தில் ஊதா அடிக்கும். வயதாக ஆகச் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். வெள்ளை ஒயினுக்கு எல்லாம் நேரெதிர். இளசில் தண்ணீர்போல வெளுத்து, லேசாகப் பச்சை ஓடும். வயதானால் பொன்னிறம். அதையும் தாண்டிப் பழுப்பாகிவிட்டால் காற்று புகுந்து கெட்டுப்போயிற்று என்று அர்த்தம்.

கிளாஸைச் சுழற்றி நிறுத்தினால் உட்சுவரில் தாரை தாரையாக வழியும். அந்த அறையில் அதற்குக் கண்ணீர் என்று பெயர். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் "ஆஹா" என்பார்கள். ஜன்னல்காரர் அதை மதிக்கவேமாட்டார். "கண்ணீர் நிறைய வந்தா ஆல்கஹால் கொஞ்சம் ஜாஸ்தி, இல்ல இனிப்பு ஜாஸ்தி. அவ்வளவுதான். அழறவங்க எல்லாம் நல்லவங்களா என்ன?" என்பார்.

அவர் அந்த ஆலையில் சேர்ந்தது பாட்டில் கழுவும் இடத்தில். அதே வாரம் அங்கே சேர்ந்த இன்னொருவர்தான் மூக்கன். பெயருக்கேற்ற மூக்கு அவருக்குக் கிடையாது; சப்பை மூக்கு. ஆனால் நாலு அறை தள்ளி யார் ஆரஞ்சு உரித்தாலும் இங்கிருந்தே சொல்லிவிடுவார். இருவரும் ஈரத் தரையில் ரப்பர் பூட்ஸோடு நின்று வேலை பார்த்து, ஒருவர் கண்ணுக்காகவும் ஒருவர் மூக்குக்காகவும் மேலே கூப்பிடப்பட்டார்கள். இப்போது மேஜையில் மூன்றாவது ஆள் மேடம். அறைக்குத் தலைமை அவர்தான். நாக்கு அவருடையது.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. முதல் வார்த்தை ஜன்னலிலிருந்து வரவேண்டும். கண்ணால் பார்த்ததை அவர் சொல்லி முடிக்கும்வரை மற்ற இரண்டு பேரும் கிளாஸைத் தொடமாட்டார்கள். பிறகு மூக்கன் முகர்ந்து சொல்வார். பிறகு மேடம் வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொல்வார். கடைசியில் பாட்டிலில் போடலாமா வேண்டாமா என்று மூவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். அந்த முடிவுக்குப் பிறகு யாரும் அதைத் திறந்து பார்க்கப்போவதில்லை. அடுத்தது வாங்குகிறவர் வீட்டு மேஜைதான்.

ஜன்னல்காரருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வருவதுதான். ஒரு வாரம் படுத்து எழுந்து வேலைக்குத் திரும்பினார். பீப்பாய்கள் இருக்கும் கிடங்கின் கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. எத்தனையோ வருஷமாக அந்தக் கதவைத் திறந்ததும் புளித்த பழமும் நனைந்த மரமும் கலந்த ஒரு வாடை முகத்தில் வந்து மோதும். அன்றைக்கு அது வெறும் கதவாக இருந்தது. உள்ளே குளிர்ச்சி மட்டும் இருந்தது.

இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தார். ஆகவில்லை. டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வந்தாலும் வரும்" என்றார். வராமலும் போகலாம் என்பதை அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

நாக்கு வேலை செய்தது. புளிப்பு தெரிந்தது, இனிப்பு தெரிந்தது, சிவப்பு ஒயின் குடித்தால் ஈறு இறுகுவது தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. பழமும் பூவும் மரமும் எங்கேயோ போய்விட்டன. வாயில் இருந்தது நிறம் போட்ட புளிப்புத் தண்ணீர்.

மேடத்திடம் சொல்லிவிடலாம் என்றுதான் முதல் வாரம் இருந்தார். சொன்னால் அந்த நாற்காலி போய்விடும். மூக்கில்லாத ஆளை ருசி பார்க்கும் மேஜையில் எவன் வைத்துக்கொள்வான்? மறுபடியும் ரப்பர் பூட்ஸ். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்டதில் ஒரு விஷயம் தெரிந்தது: யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

முதல் வார்த்தை கண்ணால் சொல்வது. அது எப்போதும்போல வந்தது. மூக்கின் முறை வரும்போது அவரும் கிளாஸுக்குள் முகத்தைப் புதைத்து, கண்ணை மூடி, நிமிர்ந்து, மூக்கன் சொல்வதற்குத் தலையாட்டினார். அதோடு மூக்கனிடம் ஒரு பழக்கம் இருந்தது. பல வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் இப்போதுதான் இவர் கண்ணில் பட்டது. பிடிக்காத வாசனை வந்தால், வாயைத் திறப்பதற்கு முன்பே, மூக்கன் கை அந்தக் கிளாஸை ஒரு விரல்கடை அளவுக்குத் தன்னைவிட்டுத் தள்ளி வைத்துவிடும். சாப்பிடப் பிடிக்காத குழந்தை தட்டைத் தள்ளுகிற மாதிரி. தள்ளுவது மூக்கனுக்கே தெரியாது. ஜன்னல்காரர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு பிழைத்தார்.

வீட்டில்தான் மாட்டிக்கொண்டார். மகளைக் கட்டிக்கொடுத்தபிறகு வீட்டில் அவரும் மனைவியும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு அந்த அம்மாள் மாடியில் துணி எடுக்கப் போனார். இவர் சமையலறை மேஜையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அடுப்புக்கும் அவருக்கும் கை நீட்டினால் எட்டுகிற தூரம். மனைவி படியில் இறங்கும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

"என்னங்க! தெருமுனை வரைக்கும் தீய்ஞ்ச வாடை போகுது. நீங்க என்ன பண்றீங்க?"

"பேப்பர் படிக்கிறேன்."

"பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டா?"

அடுப்பை அணைத்தார். பாத்திரத்தைத் தூக்கிக் குழாயடியில் போட்டார். கரித்துணியோடு திரும்பி நின்று கணவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, சோப்புக் கட்டியை எடுத்து, அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது என்ன வாசனை?"

"சோப்பு."

"அது எனக்கும் கண்ணுல தெரியுது. வாசனை என்ன?"

அவர் பேப்பரை மடித்தார்.

"எப்போலேர்ந்து?"

"காய்ச்சலுக்கு அப்புறம்."

"அடப்பாவி மனுஷா! அதுக்கப்புறம் எத்தனை மாசம் ஆச்சு! நான் சமைச்சதை எல்லாம் 'பிரமாதம், பிரமாதம்'னு சாப்பிட்டீங்களே?"

"உப்பு சரியாத்தான் இருந்துச்சு."

"உப்பைப் பாராட்டினாராம் உப்பை!" என்று சிரிக்கத்தான் ஆரம்பித்தார் அந்த அம்மாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "அதனாலதான் இப்படி இருக்கீங்களா? பேத்தி பொறந்திருக்குன்னு போன் வந்தப்போகூட, 'சரி'ன்னுட்டு டீவி பார்த்தீங்க. எனக்கு அப்படியே வயிறெரிஞ்சுது."

அவருக்கு அது ஞாபகம் இருந்தது. அந்தச் சமயத்தில் சந்தோஷம் வரும் என்று அவரும் காத்துக்கொண்டுதான் இருந்தார். பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல. வரவில்லை. மருத்துவமனைக்குப் போய்க் குழந்தையைக் கையில் வாங்கினார். சூடாக இருந்தது, கனமாக இருந்தது. தலையை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போதெல்லாம் மனைவி பக்கத்தில் வந்து நின்றால்கூட, அவர் பேசினால்தான் நிற்பதே தெரியும்.

"ஆபீஸ்ல சொல்லிடுங்க" என்றார் மனைவி.

"சொன்னா பாட்டில் கழுவப் போடுவாங்க."

"போடட்டுமே! கழுவுங்க. இங்க மட்டும் என்ன, நான் கழுவலையா?"

"பார்க்கலாம்."

"என்னத்தைப் பார்ப்பீங்க? எதாவது ஒண்ணு கெட்டுப்போனதை நல்லதுன்னு சொல்லி அனுப்பிட்டா?"

"கெட்டுப்போனா கண்ணுல தெரியும்" என்றார் அவர். அப்போது அதை அவர் நம்பவும் செய்தார்.

பெரிய டேங்கிலிருந்து அந்த வெள்ளை ஒயின் மேலே வந்தது ஒரு காலை வேளையில். கடைசி வடிகட்டல் முடிந்து பாட்டிலுக்குப் போகத் தயாரான சரக்கு. லேப்காரர் கிளாஸ்களில் ஊற்றித் தட்டில் கொண்டுவந்து வைத்தார். ஜன்னல்காரர் தன் கிளாஸை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். சாய்த்தார்.

அப்படி ஒரு தெளிவை அவர் பார்த்ததில்லை. தாளின் வெள்ளை அதற்குள் புகுந்து இன்னும் வெள்ளையாக வெளியே வந்தது. ஓரத்தில் மயிரிழை அளவுக்குப் பச்சை. நடுவில், அப்போதுதான் தோல் உரித்த வெங்காயத்தில் ஓடுமே, அந்த மாதிரி ஓர் ஈரப் பளபளப்பு. கிளாஸை நிமிர்த்தினார், மறுபடியும் சாய்த்தார். உள்ளே எங்கேயோ, மாதக்கணக்காக மரத்துக் கிடந்த ஓர் இடத்தில், சின்னதாக ஏதோ அசைந்தது. கால்மேல் உட்கார்ந்து அது மரத்துப்போனபின் முதல் ஊசி குத்துமே, அதுபோல. அவர் அதை விட மனமில்லாமல் நின்றார்.

"என்ன அண்ணே, தவமா?" என்றார் மேடம் பின்னாலிருந்து.

முதல் வார்த்தை என்பது பார்த்ததை மட்டும் சொல்வது. தெளிவு, நிறம், வயது. அன்றைக்கு அவர் அதோடு நிற்கவில்லை. திரும்பி வந்து, கிளாஸை மேஜையில் வைத்து, "மேடம், இதைக் கண்ணை மூடிக்கிட்டு பாட்டில்ல போடலாம்" என்றார்.

மேடம் சிரித்தார். "அண்ணே வாயிலேர்ந்து இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்ல."

மூக்கன் கிளாஸை எடுத்தார். முகர்ந்தார். ஒரு தரம் சுழற்றி மறுபடியும் முகர்ந்தார். கிளாஸைக் கீழே வைத்தார். வைத்தபின் அவர் கை அதைத் தள்ளியது. ஒரு விரல்கடை.

ஜன்னல்காரர் அதைப் பார்த்தார்.

"எனக்கு என்னமோ..." என்றார் மூக்கன். "போன வாரம்தான் சளி விட்டுச்சு. சரியா பிடிபடல. லேசா ஒரு... நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி. நீ பாரேன்யா."

அவர் கிளாஸுக்குள் மூக்கை வைத்தார். குளிர்ச்சி இருந்தது. இந்த இடத்தில் "எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வாய்விட்டுச் சொன்ன முதல் வார்த்தையைத் திரும்ப வாங்கவேண்டும். அதற்குமேல் அந்தப் பளபளப்பு இன்னும் கண்ணுக்குள் நின்றது. இத்தனை தெளிவாக இருக்கிற ஒன்று கெட்டுப்போயிருக்கும் என்று அவரால் நினைக்க முடியவில்லை.

"சுத்தமா இருக்கு" என்றார்.

மூக்கன் தன் கிளாஸைப் பார்த்தார். பிறகு அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்போ என் சளியாத்தான் இருக்கும்" என்றார். மேடம் ஒரு வாய் குடித்துத் துப்பினார், கொஞ்சம் யோசித்தார், இரண்டு பேரையும் பார்த்தார், தலையாட்டினார்.

சரக்கு போன வேகத்தில் திரும்பி வந்தது. கடைக்காரர்கள் போனில் சொன்னதெல்லாம் ஒரே விஷயம்தான். பார்க்க வைரம், மூக்கில் வைத்தால் மழையில் நனைந்த அட்டை. லேப்காரர் அலசிப் பார்த்ததில் காரணம் கிடைத்தது. கடைசி வடிகட்டலுக்குப் போட்ட அட்டைத் தகடுகள் புதியவை, மிக நெருக்கமான ரகம். ஒரு தூசு தப்பாது. ஆனால் அவை கிடந்த அறையில் கூரை ஒழுகியிருந்தது. தகடு பூசணம் பிடித்திருந்தது. அந்த ஒயினைப் பளிங்காக்கியதும் அதுதான், நாற அடித்ததும் அதுதான்.

மேடம் கதவைச் சாத்திக்கொண்டு மூக்கனைக் கேட்டார். "மூக்கு உங்களோடது. அன்னைக்கு ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே?"

"தோணுச்சு மேடம். அப்புறம் இல்லன்னு தோணுச்சு" என்றார் மூக்கன். "என் மூக்குக்கு வயசாயிடுச்சு போல. வேற யாரையாவது பார்த்துக்குங்க."

ஜன்னல்காரர் அப்போது ஜன்னலோரம் நின்றிருந்தார். அந்த இடத்தில் நெஞ்சு பதறவேண்டும் என்று அவருக்குத் தெரியும். பதறவில்லை. வெளியே ஒரு லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அது சரியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டுக்குப் போனபோது மனைவி வாசலிலேயே நின்றார்.

"மூக்கன் வீட்டம்மா வந்துட்டுப் போனாங்க."

"என்னவாம்?"

"அவர் வீட்ல இருக்கிற டப்பாவை எல்லாம் திறந்து திறந்து மோந்து பார்க்கிறாராம். மிளகு டப்பா, ஷூ பாலிஷ், தலைகாணி உறை. கண்ணைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்து, 'இது கிராம்பு, சரியா? இது சீயக்கா, சரியா?'ன்னு அவங்களைக் கேட்கிறாராம். எல்லாம் சரியாத்தான் சொல்றாராம். 'சரின்னு சொன்னா, என்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்றே'ன்னு சண்டைக்கு வர்றாராம். அந்தம்மா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. சொல்லச் சொல்ல அழுதுட்டாங்க."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"ஏங்க, அன்னைக்கு நீங்கதானே நல்லாயிருக்குன்னு சொன்னது?"

"ஆமா."

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

உள்ளே தேடிப் பார்த்தார். பொய் சொல்ல வேண்டாம் என்றுதான் தேடினார். "தோணல" என்றார். "தோணணும்னு தெரியுது. தோணல."

மனைவி சாப்பாட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்குத் திட்டு வாங்கிப் பழக்கம். திட்டாமல் போனது என்னவோபோல இருந்தது. அதுவும் சாப்பாடு முடிவதற்குள் மறந்துபோயிற்று.

மேடம் ஒரு முடிவுக்கு வந்தார். ஆளை மாற்றுவதற்கு முன் எல்லோரையும் சோதித்துப் பார்ப்பது. "நானும்தான் தலையாட்டினேன். அதனால நானும் உட்கார்றேன்" என்றார். கறுப்புக் கிளாஸ்கள் வரவழைக்கப்பட்டன. அடிமுதல் விளிம்புவரை ஒரே கறுப்பு. உள்ளே இருப்பது சிவப்பா வெள்ளையா என்றுகூடத் தெரியாது. லேப்காரர் பக்கத்து அறையில் ஊற்றி, ஆளுக்கு நாலு கிளாஸ், எல்லோருக்கும் ஒரே வரிசையில் வைத்தார். நாலில் ஒன்று திரும்பி வந்த சரக்கு. மற்ற மூன்றும் நல்லவை. எது என்று கண்டுபிடிக்கவேண்டும்.

ஜன்னல்காரர் தன் முதல் கிளாஸை எடுத்தார். எழுந்தார். ஜன்னலுக்குப் போனார். தாளுக்கு மேலே சாய்த்தார். பின்னால் மேடமும் லேப்காரரும் சிரிப்பது கேட்டது. அப்போதுதான் தான் என்ன செய்கிறோம் என்பது அவருக்கே தெரிந்தது. கிளாஸின் வாயில் ஒரு கறுப்பு வட்டம். அதில் ஜன்னலின் சட்டமும் தன் நெற்றியும்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். நாலையும் வாயில் வைத்துப் பார்த்தார். ஒன்று கொஞ்சம் புளிப்பு அதிகம். ஒன்று ஈறை இறுக்கியது, அது சிவப்பு. மற்ற இரண்டும் ஒரே மாதிரி. ஒன்று இரண்டாவது கிளாஸ், ஒன்று மூன்றாவது. அதற்குமேல் அவரிடம் ஒன்றும் இல்லை.

பழக்கத்தில் கண் பக்கத்து நாற்காலிக்குப் போயிற்று. மூக்கன் வியர்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் எடுத்து முகர்ந்து, நெற்றியைச் சுருக்கி, மறுபடியும் முகர்ந்து, படிக்காமல் பரீட்சைக்கு வந்த பையன்போல உட்கார்ந்திருந்தார். மூன்றாவதை எடுத்தார். வைத்தார். கை அதைத் தள்ளியது. மற்ற மூன்றும் ஒரே வரிசையில் இருக்க, மூன்றாவது மட்டும் ஒரு விரல்கடை முன்னால் போய் நின்றது.

அவ்வளவுதான். ஜன்னல்காரருக்கு விடை கிடைத்துவிட்டது. மூணு என்று ஒரு வார்த்தை. நாற்காலி அவருடையது.

"முடிஞ்சுதா?" என்றார் மேடம். "வழக்கம்போல முதல் வார்த்தை அண்ணனோடது. சொல்லுங்க."

அவர் மேஜையைப் பார்த்தார். நாலு கறுப்புக் கிளாஸ், ஒரு சப்பை மூக்கு, வியர்த்த நெற்றி. மிளகு டப்பா ஞாபகம் வந்தது. இப்போதாவது ஏதாவது வரும் என்று ஒரு நொடி பார்த்தார். வரவில்லை. வராமலே சொல்லவேண்டியதுதான் என்று தோன்றியது.

"எனக்குத் தெரியல மேடம். ஆனா மூணாவதுதான்."

"இது என்ன பேச்சு? தெரியலையா, மூணாவதா?"

"எனக்குத் தெரியல. மூக்கனுக்குத் தெரியும். அவன் மூணாவது கிளாஸைத் தள்ளி வெச்சிருக்கான் பாருங்க. நாத்தம் வந்தா அவன் கை தள்ளும். எனக்குக் காய்ச்சல் வந்ததிலேர்ந்து மூக்கு இல்ல. அந்தக் கையைப் பார்த்துத்தான் இவ்வளவு நாளா தலையாட்டினேன். அன்னைக்கும் தள்ளினான். நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் சுத்தமா இருக்குன்னேன்."

மேடமும் லேப்காரரும் அந்தக் கிளாஸைப் பார்த்தார்கள். மூக்கன் தன் கையைப் பார்த்தார், யாருடைய கையோ தன் மடியில் கிடப்பதைப்போல.

"மூணாவதுதான்" என்றார் லேப்காரர் மெதுவாக.

"நான் எல்லாமே நல்லாத்தான் இருக்குன்னு சொல்ல இருந்தேன்" என்றார் மூக்கன். யாருக்கும் சொல்லாமல் மேஜைக்குச் சொன்னதுபோல இருந்தது. பிறகு திரும்பினார். "ஏன்யா, ரப்பர் பூட்ஸ் காலத்துலேர்ந்து ஒண்ணா இருக்கோம். என்கிட்ட சொல்லக்கூடாதா? நான் யார்கிட்ட போய்ச் சொல்லப்போறேன்? என் மூக்கை உனக்கும் சேர்த்து வெச்சிருப்பேனே! என் மூக்கையே நான் நம்பாதபடி ஆக்கிட்டியேய்யா."

மூக்கன் எழுந்து வெளியே போனார். போகிற வேகத்தில் கதவு அடித்துக்கொண்டது. மேடம், "நீங்க வீட்டுக்குப் போங்க அண்ணே. நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார்.

அவர் எழுந்தார். ஜன்னல் கட்டையில் விரித்திருந்த தாளை எடுத்து மடித்தார். அழுக்காகியிருந்தது. குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனார். வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னபோது அந்த அம்மாள் அவர் தோளில் கை வைத்து, "இதைச் சொல்றதுக்குத்தான் இத்தனை நாளா?" என்றார். பிறகு, "நாளைக்குப் பூட்ஸ் வாங்கணுமா, பழசே இருக்கா?" என்று கேட்டார்.

பூட்ஸ் தேவைப்படவில்லை. வேலையைவிட்டு அனுப்பவேண்டும் என்று மேலே ஒரு பேச்சு இருந்தது. மேடம்தான் வேண்டாம் என்றாராம். இப்போது அவர் பாட்டில் நிரப்பும் இடத்தில் இருக்கிறார். ஓடும் பட்டையில் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளை விளக்குப் பலகை ஒன்றைக் கடந்து போகும். அதன் முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தூசு மிதப்பது, கலங்கல் அடிப்பது, அளவு குறைவது இவற்றைக் கழுத்தைப் பிடித்து வெளியே எடுத்துவைக்கிறார். கண் இன்னும் தப்பு செய்வதில்லை. அங்கேயும் எல்லோரும் ஜன்னல்காரர் என்றுதான் சொல்கிறார்கள். ஜன்னல் கிடையாது.

மேலே அந்த வழக்கம் நின்றுவிட்டது. இப்போது கறுப்புக் கிளாஸில் முகர்ந்து, குடித்து, பேசி முடித்தபிறகுதான் சாதாரணக் கிளாஸில் ஊற்றிக் கண்ணால் பார்க்கிறார்கள். கண் கடைசி. மூக்கன் அந்த நாற்காலியிலேயே இருக்கிறார். டப்பாக்களை முகர்வதை விட்டுவிட்டார் என்று அவர் வீட்டம்மா சொன்னதாகத் தகவல். மதியச் சாப்பாட்டுக்கு ஒரே பெஞ்சில்தான் வந்து உட்காருகிறார். முன்போலப் பேசுவதில்லை. ஜன்னல்காரர் டிபன் பாக்ஸைத் திறந்ததும் ஒரு தரம் அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பி, "நேத்து சமைச்சது. ஆனா கெடல, சாப்பிடு" என்கிறார். சில நாள் அதுகூடச் சொல்வதில்லை.

வீட்டில் மனைவி சமைக்கும்போது உள்ளேயிருந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். "இப்போ வெங்காயம் வதங்குது. இப்போ இஞ்சி போட்டிருக்கேன், தூக்குது." அவர் கூடத்திலிருந்து "சரி" என்கிறார். வாசனை திரும்பி வரவில்லை.